பத்து எச்.பி. போட்டாலும் போரில் ஊறுவதுதான் வரும்

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சுருக்கித் தருகிறேன்.

“ஐயா, எனக்கு நாலு ஏக்கர் தென்னை, 280 மரம், சொட்டுநீர் போட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம், அதற்கு வாய்க்கால் பாய்ச்சல். போர் (ஆழ்துளைக் கிணறு) 600 அடி, ஆறரை இஞ்சு. ஓட்டியபோது 3 இஞ்சு தண்ணீர் என்றார்கள். 310 அடியிலும் 540 அடியிலும் ஊற்று. மோட்டார் ஓடாதபோது தண்ணீர் 180 அடியில் நிற்கிறது. 420 அடியில் 5 எச்.பி. (குதிரைத்திறன்) சப்மெர்சிபிள், அதாவது தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் இறக்கியிருக்கிறேன், இரண்டு இஞ்சு பைப், 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிள். ஒரு மணி நேரம் நன்றாக ஊற்றும், அப்புறம் தண்ணீர் உடைந்து உடைந்து காற்றோடு வரும். வெங்காயத்துக்குத் திருப்பினால் ரிலே (ஆம்பியர் மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) ட்ரிப் ஆகும், சொட்டுநீரில் ஓடும்போது ஆகாது. தொல்லை தாங்காமல் மெக்கானிக் ரிலேயை 15 ஆம்பியருக்கு ஏற்றிவிட்டார். மூன்று வருடத்தில் இரண்டு தடவை காயில் போய்விட்டது. போன மாதம்தான் மறுபடி கட்டி இறக்கினோம், இப்போது ஓடுகிறது. மெக்கானிக் ‘லோடு தாங்கவில்லை, ஏழரை போடுங்கள்’ என்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் 10 எச்.பி. போட்டிருக்கிறார்கள், தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. நான் எதைப் போடுவது? பம்பு லேபிளில் ஹெட் (தூக்கும் உயரம்) 70–140 மீட்டர், தண்ணீர் 200–85 எல்.பி.எம். (நிமிடத்துக்கு லிட்டர்), மோட்டாரில் 11 ஆம்பியர் என்று இருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் 350, 360தான். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நம்பி ஓட்டலாம்.”

இவ்வளவு விவரத்தோடு கேள்வி வருவது அபூர்வம். வழக்கமாக “போர் 600 அடி, எத்தனை எச்.பி. போடலாம்?” என்று ஒரே வரியில் கேட்பார்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. போரின் ஆழத்துக்கும் மோட்டாருக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. 600 அடி போரில் மோட்டார் ஓடும்போது தண்ணீர் 100 அடியில் நின்றால், மோட்டார் தூக்க வேண்டியது அந்த 100 அடியிலிருந்துதான்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏழரையும் வேண்டாம், பத்தும் வேண்டாம். 5 எச்.பி. போதும், மிஞ்சிப்போனால் 6. மாற்ற வேண்டியது பம்பை. அதற்கும் முன்னால் ரிலேயை.

ஏன் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சான்று இருக்கிறது. தண்ணீர் உடைந்து காற்றோடு வருகிறது என்றால் போரில் நீர்மட்டம் பம்பின் வாய்வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதாவது 420 அடி, மீட்டர் கணக்கில் 128. உங்கள் பம்பு 140 மீட்டரில் 85 லிட்டரும் 70 மீட்டரில் 200 லிட்டரும் தருகிறது. 128 மீட்டரில் எப்படிப் பார்த்தாலும் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் தரும். அந்த நூறு லிட்டரைக்கூட உங்கள் போரால் ஈடு கொடுக்க முடியவில்லை. முடிந்திருந்தால் மட்டம் அதற்கு மேலேயே எங்காவது நின்றிருக்கும், காற்று வந்திருக்காது. முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஊற்றுவதற்குக் காரணம், ஊற்றோடு ராத்திரி முழுக்க போரில் தேங்கி நின்ற தண்ணீரும் சேர்ந்து வருவதுதான். அது தீர்ந்த பிறகு வருவதுதான் ஊற்றின் உண்மையான கணக்கு.

“3 இஞ்சு என்றார்களே” என்பீர்கள். வி வடிவ வெட்டு போட்ட தகட்டில் வழியும் தண்ணீரின் உயரத்தை முறையாக அளந்தால் 3 இஞ்சு என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 லிட்டர். 2 இஞ்சு என்றால் 48 லிட்டர்தான். இஞ்சு ஒன்று கூடினால் தண்ணீர் ஒன்றரை மடங்கு ஆகும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டே முக்கால் மடங்கு ஆகிறது. அதனால் கண்ணளவில் அரை இஞ்சு கூட்டிச் சொன்னாலும் கணக்கு எங்கேயோ போய்விடும். ரிக் வண்டி கம்ப்ரெசரால் ஊதித் தள்ளும்போது வருகிற தண்ணீர் வேறு, கோடையில் ஆறு மணி நேரம் விடாமல் ஓட்டும்போது ஊறி வருகிற தண்ணீர் வேறு. போர் ஓட்டிய அன்று சொன்ன இஞ்சை வைத்து மோட்டார் வாங்காதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பம்புக்கு எத்தனை எச்.பி. வேண்டும் என்பதற்கு இரண்டே எண் போதும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், மொத்தம் எத்தனை அடி உயரம். இரண்டையும் பெருக்கி 15,000ஆல் வகுத்தால் தண்ணீரைத் தூக்க மட்டும் தேவைப்படும் எச்.பி. வரும். ஆனால் எந்தப் பம்பும் வாங்கிய சக்தி முழுவதையும் தண்ணீருக்குக் கொடுப்பதில்லை. இந்த அளவுத் தண்ணீருக்கு வரும் போர்வெல் பம்புகளில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 55 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் 15,000க்குப் பதில் 8,000ஆல் வகுத்துவிடுங்கள். மோட்டாரின் எச்.பி. கிட்டத்தட்ட வந்துவிடும். இது கடைக்குப் போகும் முன் போட்டுப் பார்க்கும் கணக்குதான். கடைசி முடிவை கம்பெனி தரும் சார்ட்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

உயரம் என்பது வெறும் போர் கணக்கு அல்ல. மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். 180 அடி என்பது மோட்டார் தூங்கும்போது உள்ள மட்டம், அதை மறந்துவிடுங்கள். உங்களுக்கு ஓடும் மட்டத்தை 380 அடி என்று எடுக்கிறேன். பம்புக்கு மேல் 40 அடியாவது தண்ணீர் நிற்க வேண்டும் என்பதால். நிமிடத்துக்கு 80 லிட்டர் ஓடினால் இரண்டு இஞ்சு பைப்பிலும் தரையில் போகும் லைனிலும் சேர்த்து உரசலில் ஒரு 10 அடி போகும். தோட்டத்தின் மேல்கோடி போரைவிட உயரமா என்று நீங்கள் எழுதவில்லை, 15 அடி என்று வைக்கிறேன். சொட்டுநீருக்கு ஃபில்டர் உட்பட போர் வாயில் 2 கிலோ அழுத்தம் வேண்டும். ஒரு கிலோ அழுத்தம் 10 மீட்டருக்குச் சமம், எனவே அது 65 அடி. எல்லாம் சேர்த்தால் 470 அடி, அதாவது 143 மீட்டர்.

80 லிட்டர் பெருக்கல் 470, வகுத்தல் 8,000. விடை 4.7. ஐந்து எச்.பி.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஏழரை எச்.பி. முழுதாக வேலை செய்ய வேண்டும் என்றால் இதே உயரத்தில் போர் நிமிடத்துக்கு 127 லிட்டர் தர வேண்டும். பத்துக்கு 170 லிட்டர். நூறுக்கே மூச்சு வாங்கும் போரில் அதை எங்கிருந்து கொண்டுவருவது? பக்கத்துத் தோட்டத்தில் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது என்றால் அவருடைய பாறையில் வெடிப்பு நன்றாக விழுந்திருக்கிறது. நம் பக்கத்துக் கடினப் பாறையில் இருபதடி தள்ளினாலே ஊற்று மாறும். அவருக்கும் ஆகஸ்டில் ஊற்றுகிற மாதிரி ஏப்ரலில் ஊற்றுகிறதா என்று ஒரு தடவை விசாரியுங்கள்.

இன்னொன்று. பம்பை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் ஏழரை ஆக்கினால் தண்ணீர் கூடுமா? கூடாது. கவலை இறைத்த காலத்தில் மாட்டைப் பெரிதாக வாங்கினால் சால் பெரிதாகிவிடுமா? பம்பு கேட்கிற சக்தியைத்தான் மோட்டார் கொடுக்கும். பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரும் அதன் அடுக்குகளான ஸ்டேஜும் அதேதான் என்றால் தண்ணீரும் அதேதான். பம்பையும் சேர்த்துப் பெரிதாக்கினால், இப்போது ஒரு மணி நேரத்தில் உடைகிற தண்ணீர் அரை மணி நேரத்தில் உடையும். அவ்வளவுதான் வித்தியாசம். போதாக்குறைக்கு உங்கள் விவசாய இணைப்பு 5 எச்.பி.க்கு அனுமதி வாங்கியதாக இருந்தால், மோட்டாரைப் பெரிதாக்க மின்வாரியத்தில் மனு போட்டு கூடுதல் லோடு வாங்க வேண்டும். வாங்காமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் ஊர் டிரான்ஸ்ஃபார்மரில் சாயங்காலம் 350 வோல்ட் வருகிறது.

சரி, அப்படியானால் மோட்டார் ஏன் இரண்டு தடவை எரிந்தது? மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. லோடு தாங்கவில்லைதான். ஆனால் அந்த லோடு எப்போது வருகிறது என்று பாருங்கள். வெங்காயத்துக்குத் திருப்பும்போது. நம் ஊரில் எல்லோரும் நினைப்பது, சொட்டுநீர் என்றால் அழுத்தி ஓட்ட வேண்டும், அது மோட்டாருக்குப் பாரம்; வாய்க்காலில் திறந்துவிட்டால் இலேசு. இந்த வகைப் பம்புகளில் நடப்பது நேர் எதிர். எதிர்ப்பு குறைந்தால் பம்பு அதிகத் தண்ணீரை வாரித் தள்ளும். அதிகத் தண்ணீர் என்றால் அதிக ஆம்பியர். காலையில் மட்டம் 180 அடியில் இருக்கும்போது வாய்க்காலில் விட்டால், பைப் உரசலையும் சேர்த்து மொத்தமே 63, 64 மீட்டர்தான் வரும். உங்கள் பம்பின் எல்லை 70இல்தான் தொடங்குகிறது. லேபிளுக்கு வெளியே ஓடுகிறது, 11 ஆம்பியரைத் தாண்டுகிறது, ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்து ட்ரிப் ஆகிறது. சாயங்கால வோல்டேஜ் சேர்ந்தால் இன்னும் மோசம். வோல்டேஜ் இறங்கினால் அதே வேலைக்கு மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும்.

அந்த ரிலேயைத்தான் 15க்கு ஏற்றிவிட்டீர்கள். 11 ஆம்பியருக்குக் கட்டிய காயிலில் 14 ஓடினாலும் இனி யாரும் தடுக்க மாட்டார்கள். மெக்கானிக்கைக் குறை சொல்லி எழுதவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை போன் வந்தால் அவரும் என்ன செய்வார். ஆனாலும் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக மெயினை அணைத்துவிட்டு ரிலேயை 11க்கு இறக்கச் சொல்லுங்கள். அப்புறமும் ட்ரிப் ஆனால் கேட் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். ஆம்பியர் இறங்குவதைப் பேனலில் நீங்களே பார்ப்பீர்கள்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. தண்ணீர் உடைந்து வரும்போது ஆம்பியர் ஏறாது, இறங்கும். அதனால் ஓவர்லோடு ரிலேக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் சூடு ஆறுகிறது. ஓட்டம் நின்று நின்று வந்தால் காயிலும் சூடாகும், அடியில் உள்ள த்ரஸ்ட் பேரிங்கும் தேயும். அதற்கு வேறு காவல் வேண்டும்: ஆம்பியர் ஒரு அளவுக்குக் கீழே போனால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு. இப்போது வரும் பேனல்களில் சேர்ந்தே வருகிறது, பழைய ஸ்டார்ட்டரிலும் தனியாகப் பொருத்தலாம். வோல்டேஜ் குறைந்தாலோ ஒரு ஃபேஸ் போனாலோ நிறுத்துவதும் அதிலேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கண்டன்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் விட்டுவிடுங்கள்.

புதுப் பம்பு வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இப்போது ஓடுகிற மோட்டாரே போதும், செலவு கிடையாது. கோடையில் செய்தால் நல்லது. வழக்கம்போல ஓட்டுங்கள், தண்ணீர் உடைய ஆரம்பித்ததும் கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் உடைவது நின்று ஒரே சீராக வரும். அந்த நிலையில் மூன்று மணி நேரம் விடுங்கள், இடையில் உடைந்தால் இன்னும் துளி மூடுங்கள். கடைசியில் 200 லிட்டர் டிரம்மை வைத்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 150 விநாடி என்றால் நிமிடத்துக்கு 80 லிட்டர். அதே நேரத்தில் மட்டம் பார்க்கும் ஒயர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு நீர்மட்டத்தையும் அளந்துவிட்டால், நான் மேலே உத்தேசமாகப் போட்ட இரண்டு எண்ணும் உங்கள் கையில் சரியாக இருக்கும். 60 லிட்டர்தான் வருகிறது என்றால் கணக்கு மூன்றரை எச்.பி.க்கு இறங்கிவிடும். 100 வந்தால் ஆறு. 120க்கு மேல் வந்தால் மட்டுமே உங்கள் மெக்கானிக் சொன்ன ஏழரை சரி. உங்கள் கடிதத்தைப் படித்தவரை அது வராது.

கடையில் “5 எச்.பி. கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். “145 மீட்டரில் நிமிடத்துக்கு 80 லிட்டர் தர வேண்டும், சார்ட்டைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். ஒரே 5 எச்.பி.யில் அதிகத் தண்ணீர் குறைந்த உயரத்துக்கு ஒரு பம்பு இருக்கும், குறைந்த தண்ணீர் அதிக உயரத்துக்கு இன்னொன்று இருக்கும். ஸ்டேஜ் எண்ணிக்கை கூடக்கூட உயரம் கூடும். உங்களிடம் இப்போது இருப்பதில் 140 மீட்டர் கடைசிப் படி. உங்களுக்கு வேண்டிய 143 அதற்கும் வெளியே நிற்கிறது. 100இலிருந்து 180 மீட்டர் வரை எல்லை உள்ள பம்பு என்றால் உங்கள் இடம் நடுவில் வரும், அங்கேதான் பம்பின் திறன் நன்றாக இருக்கும். அந்த இடத்தில் பம்பு இழுக்கும் சக்தி சார்ட்டில் நாலரை எச்.பி.க்குள் இருந்தால் 5 எச்.பி. மோட்டார். அதைத் தாண்டினால் வோல்டேஜ் நிலவரத்தை நினைத்து 6 போடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும், மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ.யின் நட்சத்திர லேபிள் உள்ளதாகவும் பாருங்கள். இலவச மின்சாரம்தானே, நட்சத்திரம் எதற்கு என்று கேட்பார்கள். திறன் நல்ல பம்பு என்றால் அதே தண்ணீருக்கு ஆம்பியர் குறையும், காயிலுக்குச் சூடு குறையும்.

புதுப் பம்பிலும் வெங்காய வாய்க்காலுக்கு விடும்போது கேட் வால்வை முழுதாகத் திறக்கக் கூடாது. 80 லிட்டர் வரும் இடத்தில் வால்வில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள், வேலைக்கு வருபவருக்கும் தெரியும்.

கேபிள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டர் வரை 550 அடி நீளம் என்று வைத்தால், 2.5 ஸ்கொயரில் 11 ஆம்பியருக்குக் கேபிளிலேயே 20 வோல்ட் காணாமல் போகும். மேலே 350 இருக்கும்போது கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 330. 4 ஸ்கொயர் போட்டால் இழப்பு 12, 13 வோல்ட். அடுத்த தடவை பைப்பை மேலே எடுக்கும்போது மாற்றிவிடுங்கள். பைப்பில் நீங்கள் இரண்டு இஞ்சு போட்டது நல்ல காரியம். காசு மிச்சம் என்று ஒன்றேகால் இஞ்சு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள்; 120 லிட்டர் ஓட்டினால் உரசலில் மட்டும் 75, 80 அடி உயரம் வீணாகும்.

பம்பை இன்னும் கீழே இறக்கலாமா என்றும் யாராவது சொல்வார்கள். 540 அடி ஊற்றுக்குக் கீழே மோட்டார் போனால், வருகிற தண்ணீரெல்லாம் மேலிருந்தே பம்புக்குள் போய்விடும். மோட்டாரைத் தழுவி ஓடாது. அப்படி இறக்குவதானால் தண்ணீரை மோட்டாரைச் சுற்றி ஓடவைக்கும் கூலிங் ஜாக்கெட் மாட்ட வேண்டும். இப்போதைக்கு 420 அடியே இருக்கட்டும்.

தண்ணீர் போதுமா என்பது தனிக் கேள்வி. 280 மரத்துக்குக் கோடையில் ஆளுக்கு 80 லிட்டர் என்றால் 22,400 லிட்டர். நிமிடத்துக்கு 80 லிட்டர் என்பது மணிக்கு 4,800. தென்னைக்கு நாலே முக்கால் மணி நேரம் போய்விடும். மிச்சமுள்ள நேரத்தில் கிடைப்பது 6,400 லிட்டர். ஒரு ஏக்கர் வெங்காயத்துக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் கணக்கில் 20,000 லிட்டர் வேண்டும். அதாவது கோடையில் இந்தப் போர் மூன்றில் ஒரு பங்கு வெங்காயத்தைத்தான் தாங்கும், அதுவும் சொட்டுநீரில். இதை எந்த எச்.பி.யும் மாற்றாது. கோடை நடவைச் சுருக்குவதா, கூடுதல் மணி நேரம் ஓட்டித் தொட்டியில் சேர்ப்பதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வாய்க்காலை விட்டு வெங்காயத்துக்கும் சொட்டுநீர் போட்டால் ரிலே தொல்லையும் சேர்ந்து தீரும்.

கடைசியாக, இப்போதுள்ள மோட்டாரையே புதுப் பம்போடு சேர்க்கலாமா என்ற யோசனை உங்களுக்கு வரும். இரண்டு தடவை காயில் கட்டியது, டிரை ரன்னிலும் ஓடியது. மேலே எடுத்ததும் பேரிங்கைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் உபரியாக வைத்துக்கொள்ளலாம், கோடையில் அவசரத்துக்கு உதவும். புதுப் பம்பைப் புது மோட்டாரோடு செட்டாகவே வாங்குங்கள். ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டியதில்லை, 5 எச்.பி.க்கு நேரடி ஸ்டார்ட்டரே போதும். பெரிய மோட்டாருக்குப் போடும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வேண்டும் என்று யாராவது சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.